மைதானம், வாசிகசாலை, கூத்து: வன்னியில் உள்ளூராட்சி வேட்பாளரிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

எங்கள் ஊர்ச் சிறுவர் பூங்காவில் இரண்டு ஊஞ்சல் போட்டார்கள். இரண்டாம் மாரியோடு ஒன்றின் சங்கிலி கறள் பிடித்து அறுந்தது. பிள்ளைகள் விழுந்து காயப்படக்கூடாது என்று மற்றதை நாங்களே கழற்றிச் சனசமூக நிலைய அறைக்குள் வைத்தோம். சறுக்குமரத்தின் அடித்தகரம் பிளந்துவிட்டது. கம்பி வேலிக்குள் இப்போது பற்றைதான். பூங்கா அமைத்துத் தருவோம் என்று தேர்தலில் சொன்னவர் அமைத்துத்தான் தந்தார், அதில் பொய்யில்லை. அதற்குப் பிறகு யார் பராமரிப்பது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை முன்கூட்டியே கேட்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். விளையாட்டுக் கழகம், சனசமூக நிலையம், மாதர் சங்கம், கூத்துக் குழு என்று ஏதாவது ஒன்றில் இருப்பவர்களுக்கு இது உதவும். வீதி, குடிநீர், வீட்டுத்திட்டம் பற்றி வேட்பாளரிடம் எல்லோரும் கேட்கிறார்கள். விளையாட்டும் வாசிப்பும் கலையும் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரியாகப் போய்விடுகின்றன. ஆனால் ஒரு பிரதேச சபை தன் கையாலேயே செய்து முடிக்கக்கூடிய வேலைகள் இந்தப் பக்கத்தில்தான் நிறைய இருக்கின்றன.

முதற்படி: எது சபையின் வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள்

கிளிநொச்சியில் கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி என மூன்று பிரதேச சபைகள். முல்லைத்தீவில் கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு. வவுனியாவில் 2025 தேர்தலோடு நகரசபை மாநகர சபையாகியது. அதோடு வவுனியா வடக்கு, வவுனியா தெற்கு தமிழ், வவுனியா தெற்கு சிங்களம், வெங்கலச்செட்டிகுளம் பிரதேச சபைகள். மன்னாரில் நகரசபையுடன் மன்னார், நானாட்டான், முசலி, மாந்தை மேற்கு.

சபை எல்லையும் பிரதேச செயலக எல்லையும் எப்போதும் ஒன்றல்ல. கிளிநொச்சியில் சபை மூன்று, பிரதேச செயலகம் நான்கு. தருமபுரத்தில் இருப்பவருக்குப் பிரதேச செயலகம் கண்டாவளை, சபை கரைச்சி. இந்தக் குழப்பத்தில் பல கோரிக்கைக் கடிதங்கள் பிழையான மேசைக்குப் போய் அங்கேயே கிடந்துவிடுகின்றன.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரத்தையும் வீதிகளையும் மட்டும் சபைக்குக் கொடுக்கவில்லை. மக்களின் வசதியும் நலனும்கூட அதன் பொறுப்புத்தான். பொது நூலகம், வாசிப்பு நிலையம், சிறுவர் பூங்கா, சபைக்குச் சொந்தமான மைதானம், பொது மண்டபம், வீதி விளக்கு, சனசமூக நிலையங்களின் பதிவும் மானியமும் எல்லாம் சபையின் கையில் இருப்பவை. டிக்கெற் போட்டு நடத்தும் கானிவேலுக்கும் இசைநிகழ்ச்சிக்கும் களியாட்ட வரி அறவிடுவதும் சபைதான்.

கலாசார உத்தியோகத்தரும் விளையாட்டு உத்தியோகத்தரும் பிரதேச செயலகத்தில் இருப்பவர்கள். கலாசாரப் பேரவையும் பிரதேச இலக்கிய விழாவும் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை. பாடசாலை மைதானம் கல்வித் திணைக்களத்துக்கு உரியது. மாகாண விளையாட்டுத் திணைக்களம் வேறு. 2018 ஒக்டோபரில் மாகாண சபையின் காலம் முடிந்ததிலிருந்து, மாகாணத் திணைக்களங்களில் நாங்கள் கேள்வி கேட்கத் தெரிவான உறுப்பினர் யாரும் இல்லை. அதனால் இப்போது சபை உறுப்பினரின் குரலுக்குத்தான் கனம் கூடுதல்.

ஒரு வாக்குறுதியைக் கையில் எடுத்ததும், அதை நிறைவேற்றும் அதிகாரம் சபைக்கு இருக்கிறதா என்று பாருங்கள். தொல்லியல் பிணக்கில் சிக்கிய எங்கள் வழிபாட்டிடங்களான குருந்தூர்மலையையும் வெடுக்குநாறிமலையையும் மீட்டுத் தருவோம் என்று ஒருவர் மேடையில் பேசினால், அந்த வேதனை எங்கள் எல்லோருடையதும்தான். ஆனால் அங்கே தொல்லியல் திணைக்களமும் நீதிமன்றமும் இருக்கின்றன. சபையால் தீர்மானம் நிறைவேற்றலாம், உத்தரவு போட முடியாது. தீர்மானத்துக்கும் பெறுமதி உண்டு. என்றாலும் அதை மட்டும் பேசிவிட்டு நூலகம் ஏன் பின்னேரம் 5 மணிக்கே பூட்டப்படுகிறது என்பதற்கு வேட்பாளர் மறுமொழி சொல்லாமல் போகக்கூடாது.

இரண்டாம் படி: யாரிடம் கேட்பது

உள்ளூராட்சித் தேர்தலில் எங்களுக்கு ஒரு வாக்கு. வாக்குச்சீட்டில் கட்சியின் அல்லது சுயேச்சைக் குழுவின் பெயரும் சின்னமும் இருக்கும், வேட்பாளரின் பெயர் இருக்காது. உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரத்தில் வென்று வருபவர்கள், 40 வீதம் கட்சி பெற்ற மொத்த வாக்கின்படி பட்டியலில் இருந்து வருபவர்கள். ஆகவே வட்டார வேட்பாளர் தலையாட்டினால் மட்டும் போதாது. அவர் தோற்றாலும் அவருடைய கட்சி பட்டியல் மூலம் சபைக்குள் போகக்கூடும். கேள்வியை வட்டார வேட்பாளரிடம் ஒருமுறையும், பட்டியலை முன்னால் நின்று நடத்துபவரிடம் ஒருமுறையும் கேளுங்கள். பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீட்டில் அதிகம் பேர் பட்டியல் வழியாகத்தான் வருகிறார்கள். அந்தப் பெயர்களைக் கேட்டு வாங்கி, அவர்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள். வலைப்பந்தாட்ட மைதானத்தைப் பற்றியும் பிள்ளைகள் இருட்டில் வீடு திரும்புவதைப் பற்றியும் அவர்களிடம் பேசுவது வேறு மாதிரி இருக்கும்.

தனிப்பெரும்பான்மை ஒருவருக்கும் கிடைக்காவிட்டால் தவிசாளரைச் சபையில் வாக்கெடுத்துத்தான் தெரிவுசெய்வார்கள். அதற்கு முன் கட்சிகள் பேசி இணங்கும். "வேறு கட்சியோடு சேர்ந்து சபையை அமைத்தால் இந்த வாக்குறுதி நிற்குமா?" என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

மூன்றாம் படி: வேட்பாளர் வருவதற்கு முன் நீங்கள் ஊரைச் சுற்றிப் பாருங்கள்

இதற்கு ஒரு பின்னேரம் போதும். ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு நாலைந்து பேர் நடவுங்கள். ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும், ஒருவர் பாடசாலைப் பிள்ளையாக இருக்க வேண்டும். ஊன்றுகோலுடனோ சக்கர நாற்காலியிலோ போகும் ஒருவர் வரச் சம்மதித்தால் இன்னும் நல்லது. 2009க்குப் பிறகு எங்கள் ஊர்களில் காலிழந்தவர்கள் எத்தனை பேர் என்று எங்களுக்குத் தெரியும். இருந்தும் எத்தனையோ பொது மண்டபங்களை மூன்று படி வைத்துக் கட்டி, சாய்தளம் இல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

மைதானத்தில் எதைப் பார்ப்பது? மாரியில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது, வடிகால் எந்தப் பக்கம். கோல் கம்பம் நிற்கிறதா. மலசலகூடம் உண்டா, உண்டென்றால் திறப்பு யாரிடம். குடிக்கத் தண்ணீர் எங்கே. பெண் பிள்ளைகள் வருகிறார்களா, வராவிட்டால் ஏன். கடைசிக் கேள்விக்கு மறுமொழி பெரும்பாலும் மைதானத்துக்குள் இருக்காது, மைதானத்துக்குப் போகும் வழியில் இருக்கும். விளக்கில்லாத கிறவல் ஒழுங்கை, மதகில் இருந்து குடிப்பவர்கள், காட்டோரமென்றால் யானை. வீதி விளக்கைச் சபையால் போட முடியும். ஆகவே வீதி விளக்கும் விளையாட்டுக் கொள்கையில் ஒரு பகுதிதான் என்று வேட்பாளருக்கு விளங்கப்படுத்துங்கள்.

வாசிகசாலையில் பத்திரிகை எத்தனை வருகிறது, எந்த நாளில் இருந்து நின்றுபோனது, எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், சனி ஞாயிறு உண்டா என்று எழுதுங்கள். பொது மண்டபத்துக்கு ஒரு நாள் வாடகை எவ்வளவு, கூத்துக் குழுவுக்கும் கலியாண வீட்டுக்கும் ஒரே வாடகையா என்றும் கேட்டு எழுதுங்கள்.

கைத்தொலைபேசியில் படம் எடுத்துத் திகதியோடு வையுங்கள். இது பிறகு தேவைப்படும்.

நான்காம் படி: காணி யாருடையது

வன்னியில் விளையாட்டைப் பற்றிய பேச்சு கடைசியில் காணியில்தான் வந்து நிற்கிறது. இதில் கொஞ்சம் நிதானமாக இருங்கள்.

நாங்கள் ஐம்பது வருடமாக விளையாடும் திடல் என்று ஒரு ஊர் சொல்லும். கடதாசியில் பார்த்தால் அது அரச காணி, அல்லது வன இலாகா எல்லைக்கல் நட்ட இடம், அல்லது குளத்தின் ஒதுக்கீடு, அல்லது இடம்பெயர்ந்து போனவர் ஒருவரின் பேமிற் காணி. சில இடங்களில் படைமுகாமுக்குள் இருக்கிறது. பச்சிலைப்பள்ளியில் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றி முடியும்வரை காலே வைக்க முடியாமல் இருந்த நிலங்கள் உண்டு. காணி சபையின் பெயரில் இல்லாவிட்டால், அல்லது சபைக்குப் பாரம் தரப்படாவிட்டால், அதில் சபை நிதியைச் செலவழிப்பது கணக்காய்வில் கேள்வியாகும். "நிதி வந்தது, திரும்பிப் போய்விட்டது" என்று எங்கள் ஊர்களில் அடிக்கடி கேட்கும் கதைக்குப் பின்னால் பல தடவை இந்தக் காணிக் கடதாசிதான் இருக்கும்.

ஆகவே வேட்பாளரிடம் "மைதானம் தருவீர்களா?" என்று கேட்காதீர்கள். "இந்தக் காணியைச் சபைக்குப் பாரமெடுக்க முதல் ஆறு மாதத்தில் யாருக்குக் கடிதம் எழுதுவீர்கள்?" என்று கேளுங்கள். விசயம் தெரிந்தவர் பிரதேச செயலாளர், காணி உத்தியோகத்தர், நில அளவை, வன இலாகா என்று அடுக்கிச் சொல்வார். தெரியாதவரும் "கேட்டுச் சொல்கிறேன்" என்றால் அவரை மதியுங்கள். "அதெல்லாம் மேலிடத்தில் பேசி எடுக்கலாம்" என்பவரிடம் அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுங்கள்: மேலிடம் என்றால் எந்த இடம்?

குளக்கட்டோடு பூங்கா, நடைபாதை, படகுச் சவாரி என்று சொல்வது இப்போது கூடிவிட்டது. மாலைக் காற்று வாங்க எங்களுக்குக் குளக்கட்டைவிட நல்ல இடம் இல்லை என்பது உண்மை. ஆனாலும் குளம் முதலில் வயலுக்கும் கிணற்றுக்கும் உரியது. சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழும், இரணைமடு போன்ற பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழும் வருகின்றன. கமக்கார அமைப்பின் சம்மதம் உண்டா, குளத்துக்குள் மண் நிரப்பப் போகிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். மண் நிரப்பித்தான் பூங்கா என்றால் அது வேண்டாம் என்பதே என் நிலைப்பாடு.

சவாரித் திடலையும் மறக்க வேண்டாம். மாட்டுவண்டிச் சவாரி எங்கள் பக்கத்தில் இன்னும் ஆயிரம் கண்கள் கூடிப் பார்க்கும் விளையாட்டு. நிரந்தரத் திடல் இருந்தால் மாட்டு வைத்தியர் வந்து நிற்க ஒரு இடம், சனம் நிற்க ஒரு பாதுகாப்பான வேலி, மாட்டை வதைக்காமல் ஓட்டுவதற்கு ஒரு ஒழுங்கு என்று எல்லாவற்றையும் கேட்கலாம்.

ஐந்தாம் படி: திறப்பு விழாவுக்கு அடுத்த நாள்

சபையின் செலவு இரண்டு வகை. கட்டுவது மூலதனச் செலவு. கட்டியதைத் துப்புரவாக்கி, திருத்தி, பூட்டித் திறந்து வைத்திருப்பது மீண்டெழும் செலவு. முதலாவதுக்கு வெளியில் இருந்து காசு வரும்: நாடாளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி, மாகாண நிதி, சில வேளை தொண்டு நிறுவனம். இரண்டாவதுக்குச் சபை தன் வருமானத்தைத்தான் பார்க்க வேண்டும். ஆதனவரி, வியாபார உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை, மண்டப வாடகை, நீதிமன்றத் தண்டப்பணம், முத்திரைத் தீர்வை. எங்கள் பல சபைகளில் வீடுகள் சிதறிக் கிடக்கின்றன, ஆதனவரி பெரிதாக வருவதில்லை. அதனால்தான் ஊஞ்சல் சங்கிலி மாற்றக் காசில்லை.

ஒருமுறை எங்கள் சனசமூக நிலைய முற்றத்தில் ஒரு வேட்பாளர் பேசி முடித்தபோது, பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழும்பினா.

"தம்பி, மைதானத்துக்கு லைற் போடுவன் எண்டு சொல்லுறியள். கறன்ற் பில் ஆர் கட்டுறது?"

"அது சபை கட்டும் அம்மா."

"சபை கட்டும் எண்டு பாதீட்டில எழுதுவியளோ, இல்லாட்டி கழகப் பெடியள் தலையில விழுமோ?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதை நான் கணக்குப் பாக்கேல்ல அம்மா, பாத்துக்கொண்டு வாறன்" என்றார். நான்கு நாளில் திரும்பி வந்து, எல்லா இரவும் வேண்டாம், கிழமைக்கு மூன்று இரவு, இரண்டு கம்பம், பில்லில் பாதி சபை, பாதி போட்டிக் கட்டணத்தில் இருந்து என்று சொன்னார். அது சின்ன வாக்குறுதிதான். ஆனால் நின்று பிடிக்கக்கூடிய வாக்குறுதி. அந்த அம்மாவின் கேள்வியை அப்படியே எடுத்து எல்லா இடத்திலும் பாவியுங்கள்: பூங்காவுக்கு வேலையாள் யார், புல் வெட்ட மெசின் எங்கே, நூலகத்துக்கு ஆள் யார்.

நூலகத்துக்கு ஆள் என்ற கேள்வி முக்கியமானது. சபை நினைத்தவுடன் ஒருவரை நிரந்தரமாக நியமிக்க முடியாது. அனுமதிக்கப்பட்ட ஆளணி வேண்டும், மாகாணத்தின் சம்மதம் வேண்டும். "ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு நூலகம்" என்பவரிடம் ஆளணியைப் பற்றிக் கேளுங்கள். இருக்கிற நூலகத்தைப் பரீட்சைக் காலத்தில் இரவு 8 மணிவரை திறப்பது, தூரத்துக் கிராமங்களுக்கு நடமாடும் நூலகத்தை மாதம் இரண்டு தடவை அனுப்புவது, ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் மட்டும் இல்லாமல் வருடம் முழுவதும் சிறுவர் வாசிப்பு வட்டம் நடத்துவது ஆகியவை கட்டடம் கேட்காத வேலைகள். எனக்கு ஒரு புதுக் கட்டடத்தைவிட இந்த மூன்றும் பெரிது.

ஆறாம் படி: கலை என்றால் மேடையும் மாலையும் மட்டும் இல்லை

விஞ்ஞாபனங்களில் "கலை கலாசாரத்தை வளர்ப்போம்" என்ற வரி தவறாமல் இருக்கும். அந்த வரியை எடுத்து, எந்தக் கலை, எந்த ஊரில், யாரிடம் இருந்து யாருக்கு என்று கேட்க வேண்டும்.

முல்லைத்தீவுக் கோவலன் கூத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வழிபாட்டோடு சேர்ந்து வளர்ந்தது. காத்தவராயன் கூத்துக்கு இன்னும் விடிய விடியச் சனம் இருக்கிறது. மன்னாரில் மாதோட்டப் பாங்கில் ஆடும் கத்தோலிக்கக் கூத்தும் வாசாப்பும் தனி மரபு. அருவி வெட்டில், அதாவது நெல் அறுவடையில், பாடிய சிந்து, பன்றிப்பள்ளு, குருவிப்பள்ளு என்று வயலும் காடும் தந்த பாட்டுகள் வேறு. வெட்டு மெசின் வந்தபிறகு அருவி வெட்டுப் பாட்டுக்குக் களமே இல்லாமற் போனது. பாடத் தெரிந்தவர்கள் எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு அண்ணாவியார், கூத்துப் பழக்குபவர், 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடும்போதும் கூத்துக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போனார். இன்று அந்தக் கொப்பியின் ஓரங்களைக் கறையான் தின்றிருக்கிறது. அதைத் தட்டில் வைத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டிக் காட்டினார். மை கரைந்த இடங்களை அவர் பார்க்காமலே பாடினார். அவரிடம் அந்த வரிகள் தொண்டையில் இருக்கின்றன, வேறு எங்கும் இல்லை.

இதற்குச் சபை என்ன செய்யலாம்? ஒரு ஸ்கேனர் வாங்கிச் சபை நூலகத்தில் வைத்து ஊர்க் கொப்பிகளைப் படியெடுக்கலாம். கூத்துப் பழக்கும் மாதங்களில் பொது மண்டபத்தை வாடகையில்லாமல் கொடுக்கலாம். அண்ணாவிமாருக்கும் மத்தளக்காரருக்கும் பொன்னாடையோடு பழக்கும் நாட்களுக்குப் படியும் கொடுக்கலாம். களியாட்ட வரியாக வரும் காசில் ஒரு பங்கைச் சபைத் தீர்மானத்தின் மூலம் இதற்கென்று ஒதுக்கலாம். இந்த நான்கில் எதற்குச் சம்மதம் என்று வேட்பாளரிடம் ஒன்றொன்றாகக் கேளுங்கள்.

இடங்களின் நினைவும் இதற்குள் வரும். ஒட்டுசுட்டான் கற்சிலைமடுவில் வன்னி மன்னன் பண்டாரவன்னியனைப் பிரித்தானியத் தளபதி றிபேர்க் தோற்கடித்ததாக 1803 ஒக்டோபர் 31ஐக் குறித்து நட்ட கல்லைப் பார்க்கப் பாடசாலைப் பிள்ளைகள் வந்தால், நிழலில் இருக்க ஒரு பெஞ்சும், அதே ஆண்டு ஓகஸ்ட் 25இல் அவன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த கதையைச் சொல்லும் ஒரு பலகையும் தேவை. மே 18ஐயும் துயிலும் இல்லங்களையும் பற்றி வேட்பாளர் என்ன நினைக்கிறார் என்பதையும் கேளுங்கள். அவை எங்கள் பண்பாட்டு வாழ்வுக்கு வெளியே இல்லை. அந்த இடங்களில் தண்ணீர், நிழல், துப்புரவு என்று சபை செய்யக்கூடியதைச் சொல்லட்டும்.

ஏழாம் படி: கூட்டம்

எல்லா வேட்பாளரையும் ஒரே நாளில், ஒரே வாங்கில் இருத்துங்கள். கோயிலிலோ தேவாலயத்திலோ வைக்க வேண்டாம், சனசமூக நிலைய முற்றம் போதும். ஐந்து கேள்விக்கு மேல் வேண்டாம். மூன்று நாளுக்கு முன்பே கேள்விகளை எழுதி அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம். மறுமொழியை ஒருவர் கரும்பலகையில் எழுத, வேட்பாளர் பார்த்துச் சரி என்றபின் கொப்பியில் பதிந்து கையொப்பம் வாங்குங்கள். முதல் கேள்வியை ஒரு பெண் பிள்ளை கேட்கட்டும். பெரியவர்கள் பேசத் தொடங்கினால் பிள்ளைகளுக்கு நேரம் கிடைப்பதில்லை.

தேர்தல் நேரத்தில் கழகத்துக்குப் பந்து, வலை, ஜேசி என்று யாரும் கொண்டு வந்தால் வாங்காதீர்கள். வாக்குக்காகப் பொருள் கொடுப்பது தேர்தல் சட்டத்தில் குற்றம். பெடியளுக்கு இது கசக்கும், தலைவர்தான் முன்னுக்கு நின்று சொல்ல வேண்டும்.

எட்டாம் படி: கொப்பியைப் பத்திரமாக வையுங்கள்

சபையின் காலம் நான்கு வருடம். 2018 பெப்ரவரி 10இல் தெரிவான சபைகள், காலம் ஒரு வருடம் நீடிக்கப்பட்டு, 2023 மார்ச்சில் கலைந்து, 2025 மே 6 தேர்தல்வரை இரண்டு வருடத்துக்கு மேலாகச் செயலாளர்களே சபைகளை நடத்தினார்கள். அந்த இடைவெளியில் முன்னைய வாக்குறுதிகளை யாரும் எடுத்துக் கேட்கவில்லை, ஏனென்றால் எங்கள் கையில் எழுத்தில் எதுவும் இருக்கவில்லை.

வருடக் கடைசியில் வரைபு பாதீடு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அறிவித்தலைப் பார்த்ததும் இரண்டு பேர் சபைக்குப் போய், கொப்பியில் உள்ள வாக்குறுதிகளுக்கு நேரே பாதீட்டில் தொகை இருக்கிறதா என்று வரிக்கு வரி பாருங்கள். இல்லாவிட்டால் பாதீட்டுக் கூட்டத்துக்கு முன் உங்கள் உறுப்பினருக்கும் தவிசாளருக்கும் எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தகவல் தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பியுங்கள். கொடுப்பதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் முடிவுசெய்ய வேண்டும். "பூங்காப் பராமரிப்புக்குக் கடந்த மூன்று வருடத்தில் ஒதுக்கிய தொகை, செலவழித்த தொகை" என்று இரண்டே வரியில் கேளுங்கள். கேள்வி குறுகினால் மறுமொழியைத் தட்டிக்கழிப்பது கடினம்.

நாங்கள் எங்கள் ஊஞ்சலைப் பற்றித்தான் முதலில் எழுதினோம். சங்கிலியின் நீளம் பத்து அடி, நாலு துண்டு தேவை என்று அளந்து எழுதி, கழற்றி வைத்த ஊஞ்சலின் படத்தையும் சேர்த்துக் கொடுத்தோம்.